எந்தச் செடியிலும் பூக்காத லில்லி

நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஓர் இதழ். அதன் இருபுறமும் வெளியே வளைந்து கீழே சாயும் இரண்டு இதழ்கள். பூக்கட்டுகிறவர்கள் நாரால் இறுக்குவதுபோல மூன்றையும் இடுப்பில் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பட்டை. பட்டைக்குக் கீழே மூன்று சின்ன வால்கள். ஃப்ளர்-த-லிஸ் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் லில்லிச் சின்னம் இவ்வளவுதான். இரும்புக் கேட்டின் கம்பி முனையில், சர்ச் ஜன்னலில், கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில், பழைய வரைபடங்களில் வடக்கைக் காட்டும் முள்ளின் தலையில் என்று இதை எங்காவது பார்த்திருப்பீர்கள். பள்ளியில் சாரணர் படையில் இருந்தவர்கள் சட்டையிலேயே அணிந்திருப்பீர்கள். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் சின்னத்தில் அசோகச் சக்கரத்தைத் தாங்கி நிற்பது இதே லில்லிதான். நானும் அணிந்திருக்கிறேன்.

அச்சு வேலைக்குச் சின்னங்களும் எழுத்துகளும் வரைவது என் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்தால் இதைப்போல ஒழுங்கான வடிவம் குறைவு. பாதியை வரைந்தால் போதும், மறுபாதி அதன் பிரதிபிம்பம். கல்லில் செதுக்கலாம், துணியில் தைக்கலாம், மெழுகில் முத்திரையாகக் குத்தலாம், இரும்பில் வார்க்கலாம். தேய்ந்துபோய்ப் பாதி அழிந்த நாணயத்தில்கூட அடையாளம் தெரியும். 12-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்கு இப்படிப்பட்ட வடிவங்கள்தான் தேவைப்பட்டன. இரும்புக் கவசம் முகத்தை மூடிவிட்டதால் போர்க்களத்தில் எதிரே வருகிறவர் யார் என்று தெரியாது. கேடயத்தில் இருக்கும் படத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேடயச் சின்னக் கலை அங்கேதான் பிறந்தது. அதற்கு ஓர் அடிப்படை விதி உண்டு. பொன்னும் வெள்ளியும் ஒரு வகை, சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் இன்னொரு வகை. ஒரு வகையின் மேல் அதே வகையை வைக்கக் கூடாது. பொன்மேல் வெள்ளி வேண்டாம், நீலத்தின் மேல் கறுப்பு வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பிரான்ஸ் அரசர்களின் கேடயம் நீலத்தில் பொன் லில்லி. வயலின் மறுகோடியிலிருந்தும் பளிச்சென்று தெரியும்.

சரி, இது என்ன பூ? நிஜ வெள்ளை லில்லிக்கு ஆறு இதழ்கள், வடிவம் ஊதுகுழல்போல. சின்னத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆற்றோரச் சேற்றில் வளரும் மஞ்சள் ஐரிஸ்தான் மூலம் என்பது ஒரு பழைய வாதம். வடபிரான்ஸின் நீரோரங்களில் அது தாராளமாகப் பூக்கும். சில இதழ்கள் நிமிர்ந்து நிற்கும், வெளி இதழ்கள் வளைந்து தொங்கும், நிறமும் பொன் மஞ்சள். எனக்கு இந்த வாதம் பிடிக்கும். ஆனால் மூன்று இதழ்களைக் கட்டிவைத்த இந்த வடிவத்தின் சாயல் எகிப்திய, மெசபடோமிய அலங்காரங்களில், பிரான்ஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில் இருந்திருக்கிறது. அதனால் ஒரு செடியைக் காட்டி இதுதான் என்று சொல்வது வீண் வேலை என்று எனக்குப் படுகிறது. இது எந்தச் செடியிலும் பூக்காத பூ. அதனால்தான் அவரவர் தமக்கு வேண்டியதை அதில் ஏற்ற முடிந்தது.

முதலில் ஏற்றப்பட்டது சொர்க்கம். கேடயச் சின்னங்கள் பரவிய அதே 12-ஆம் நூற்றாண்டில்தான் மாதா வழிபாடும் பிரான்ஸில் பெரிதாக வளர்ந்தது. வெள்ளை லில்லி மாதாவின் தூய்மைக்கு அடையாளம். மாதா பிரான்ஸைக் காப்பவள், அவள் பூ அரசனின் பூ என்று ஆனது. பின்னால் எட்டாம் லூயி என்று முடிசூடிய இளவரசன் 1211-இல் பயன்படுத்திய முத்திரையில், லில்லிகளைத் தூவிய கேடயம் இருக்கிறது. பிரெஞ்சு அரச குடும்பத்தின் லில்லிக் கேடயத்துக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி அதுதான்.

அரசர்களுக்கு அந்தப் பழமை போதவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் ஒரு கதை நன்றாக ஊன்றிவிட்டது. கி.பி. 500 வாக்கில் ஃபிராங்க் மக்களை ஆண்ட க்ளோவிஸ் கிறிஸ்தவனாக மாறியவன். அவன் கேடயத்தில் முதலில் மூன்று தேரைகள் இருந்தனவாம். ஒரு தேவதை காட்டில் தவம் செய்த துறவியிடம் லில்லிக் கேடயத்தைத் தந்ததாம். துறவி அதை அரசி க்ளோதில்திடம் தர, அவள் கணவனிடம் தர, அவன் அதை ஏந்திப் போரில் வென்றானாம். க்ளோவிஸ் காலத்துக்கும் கேடயச் சின்னங்கள் தோன்றிய காலத்துக்கும் இடையில் 600 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. தேரையும் இல்லை, லில்லியும் இல்லை. அந்தக் குடும்பத்தோடு உண்மையிலேயே சேர்ந்த ஒரு சின்னம் வேண்டுமென்றால் அது தேனீதான். 1653-இல் தூர்னே நகரில் க்ளோவிஸின் தந்தை சில்டெரிக்கின் கல்லறை தற்செயலாகத் தோண்டப்பட்டபோது சுமார் 300 பொன் தேனீக்கள் கிடைத்தன. லில்லியை விட்டு விலகவும் வேண்டும், பழமையும் வேண்டும் என்று நெப்போலியன் தன் முடிசூட்டு அங்கியில் தேனீக்களைப் பொறித்துக்கொண்டது இதனால்தான்.

தேவதைக் கதை ஏன் அந்த நூற்றாண்டில் அவ்வளவு அவசியமானது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1328-இல் பிரான்ஸ் அரசர் நான்காம் சார்லஸ் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். நெருங்கிய ஆண் உறவு அவருடைய சகோதரி இசபெல்லாவின் மகன். அவனோ இங்கிலாந்து அரசன், மூன்றாம் எட்வர்ட். பிரெஞ்சுப் பிரபுக்கள் பெண் வழியாக மகுடம் வராது என்று சொல்லி, ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவருக்கு முடிசூட்டினார்கள். இதற்குப் பின்னாளில் ஒரு வேத வசனமும் துணைக்கு வந்தது. "அவைகள் உழைக்கிறதுமில்லை, நூற்கிறதுமில்லை" என்று இயேசு மலர்களைப் பற்றிச் சொன்ன வரி. லில்லி நூல் நூற்காது, நூல் நூற்பது பெண்களின் வேலை, ஆகவே லில்லிகளின் ராஜ்ஜியம் பெண் கைக்குப் போகாது என்றார்கள். கவலைப்படாதீர்கள் என்று ஏழைகளுக்குச் சொன்ன ஆறுதலை எடுத்து, மகளுக்குச் சொத்து இல்லை என்று சொல்லப் பயன்படுத்தியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

எட்வர்ட் சும்மா இருக்கவில்லை. 1340 ஜனவரியில் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரில் தன்னைப் பிரான்ஸின் அரசன் என்று அறிவித்துத் தன் கேடயத்தை நான்காகப் பிரித்தார். இரண்டு கட்டங்களில் பிரெஞ்சு லில்லி, இரண்டில் இங்கிலாந்துச் சிங்கம். மரியாதைக்குரிய முதல் கட்டம் லில்லிக்கு. நூற்றாண்டுப் போர் என்று நாம் படிப்பது, இரண்டு தரப்பும் ஒரே பூவைத் தூக்கிக்கொண்டு போட்ட சண்டை. 1376 வாக்கில் பிரான்ஸின் ஐந்தாம் சார்லஸ் தூவிக் கிடந்த லில்லிகளைக் குறைத்து, பரிசுத்த திரித்துவத்தின் நினைவாக மூன்று மட்டும் வைத்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தும் தன் கேடயத்தில் அதேபோல மூன்றாக்கிக்கொண்டது.

இந்தப் பின்னணியோடு பெட்ஃபோர்ட் பிரபுவின் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு முழுப் பக்கத்துக்குத் தேவதை, துறவி, அரசி, க்ளோவிஸ் எல்லாரும் லில்லிக் கேடயத்தைக் கைமாற்றும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. புத்தகத்துக்குச் சொந்தக்காரரான பெட்ஃபோர்ட் பிரபு ஆங்கிலேயர். ஜோன் ஆஃப் ஆர்க் எதிர்த்துப் போரிட்ட காலத்தில் பிரான்ஸில் இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தவர். 1430 கிறிஸ்துமஸின்போது அந்தப் புத்தகம் சிறுவனான ஆறாம் ஹென்றிக்குப் பரிசாகப் போனது. பிரான்ஸின் தெய்வீகக் கதையை இங்கிலாந்தின் பையனுக்குச் சொந்தமாக்கும் பக்கம் அது. நீலமும் பொன்னும் இன்றும் அப்படி ஒளிர்கின்றன. அழகுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு பற்றி யாராவது கேட்டால் நான் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். ஜோனின் பக்கமும் லில்லிதான். ஏழாம் சார்லஸ் அவள் சகோதரர்களுக்கு நீலக் கேடயத்தில் ஒரு வாளும் அதன் இருபக்கம் லில்லியும் தந்தார். அந்தக் குடும்பத்தின் பெயரே துலீஸ் என்று மாறியது.

இங்கிலாந்து கடைசியில் லில்லியைக் கேடயத்திலிருந்து எடுத்தது 1801 ஜனவரி 1 அன்று. அதற்குள் பிரான்ஸில் அரசனே இல்லாமல் போய் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அரசர்களை விட்டுக் கொஞ்சம் விலகி இத்தாலியின் ஃப்ளோரன்ஸுக்குப் போகலாம். அங்கே லில்லியை வைத்திருந்தது அரசன் அல்ல, ஊர். அதன் வடிவமும் கொஞ்சம் வேறு. இதழ்களுக்கு இடையே இரண்டு மெல்லிய மகரந்தத் தண்டுகள் எட்டிப் பார்க்கும். அதை வைத்தே இது ஃப்ளோரன்ஸ், இது பிரான்ஸ் என்று பிரித்துவிடலாம். முதலில் சிவப்புத் தரையில் வெள்ளை லில்லி இருந்தது. ஊருக்குள் போப்பின் பக்கம் நின்ற குவெல்ஃப்களும் பேரரசரின் பக்கம் நின்ற கிபெலின்களும் பல காலம் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். 1251-இல் கை ஓங்கிய குவெல்ஃப்கள் நிறத்தைத் தலைகீழாக்கி, வெள்ளைத் தரையில் சிவப்பு லில்லி என்று மாற்றினார்கள். ஒரே பூ, இரண்டு நிறம், எந்த நிறம் என்பதை வைத்து நீ யார் ஆள் என்று தெரியும். அந்த ஊர்க் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் சொர்க்கப் படலத்தில், பிரிவினையால் அந்த லில்லி சிவந்தது என்று தன் மூதாதையின் வாயால் சொல்ல வைக்கிறார். ஊரை விட்டு விரட்டப்பட்டு, திரும்ப முடியாமல் வெளியூரில் செத்த மனிதர் எழுதிய வரி அது. கட்சிக் கொடி நிறங்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த வலி எளிதில் புரியும்.

அடுத்த வருஷமே, 1252-இல், அந்த லில்லி பொன்னில் இறங்கியது. ஒரு பக்கம் லில்லி, மறுபக்கம் நகரத்தின் காவலரான புனித யோவான். சுமார் மூன்றரை கிராம் சுத்தத் தங்கம். ஃப்ளோரின் என்ற அந்த நாணயத்தின் எடையும் தரமும் மாறாமல் இருந்ததால் ஐரோப்பா முழுக்க நம்பி வாங்கினார்கள். வேறு ஊர்க்காரர்கள் அதே லில்லியைப் பொறித்துத் தங்கள் நாணயத்தை அடித்தார்கள். வாளால் போக முடியாத இடங்களுக்கு லில்லி பணமாகப் போனது. வங்கி நடத்திப் பெரியவர்களான மெதிச்சி குடும்பத்துக்கு 1465-இல் பிரான்ஸின் பதினோராம் லூயி ஒரு சலுகை தந்தார். அவர்கள் கேடயத்தில் உள்ள உருண்டைகளில் ஒன்றை நீலமாக்கி அதில் மூன்று பிரெஞ்சு லில்லிகளை வைத்துக்கொள்ளலாம் என்று. ஃப்ளோரன்ஸ் கட்டடங்களில் அந்த ஒற்றை நீல உருண்டையைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தனி மகிழ்ச்சி.

அதே ஊரில், பியாட்சாலே மைக்கேலாஞ்சலோ மேட்டுக்குப் பக்கத்தில், 1954-இல் ஓர் ஐரிஸ் தோட்டம் தொடங்கினார்கள். உலகம் முழுவதிலுமிருந்து செடி வளர்ப்பவர்கள் புது ரகங்களை அனுப்பும் போட்டி அங்கே நடக்கிறது. அவர்கள் தேடும் கனவு, நகரச் சின்னத்தில் உள்ளதுபோலச் சுத்தச் சிவப்பான ஐரிஸ். ஐரிஸில் அந்தச் சிவப்புக்கான நிறமியே இல்லை. செம்பழுப்பு, ஒயின் நிறம் வரை வந்திருக்கிறார்கள். செடியைப் பார்த்துச் சின்னம் வரைந்த காலம் போய், சின்னத்தைப் பார்த்துச் செடி வளர்க்கிறார்கள். எனக்கு இந்த முயற்சி ரொம்பப் பிடித்திருக்கிறது.

இனி எழுதப்போவதுதான் நான் இந்தக் கட்டுரையைத் தொடங்கக் காரணம்.

1664-இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். அதன் சின்னம் நீலத்தில் பொன் லில்லி. கூடவே லத்தீனில் ஒரு வாசகம்: எங்கே கொண்டுபோனாலும் பூப்பேன். அது கொண்டுபோகப்பட்ட இடங்களில் ஒன்று புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் லில்லி இருக்கும், மறுபக்கம் தமிழ் எழுத்தில் புதுச்சேரி என்று இருக்கும். தேய்ந்த காசு ஒன்றை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சந்தையில் கீரைக்கும் மீனுக்கும் கைமாறிய காசு. பாரிஸின் பூவும் நம் எழுத்தும் முதுகோடு முதுகு ஒட்டியிருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவே இருந்தது.

அப்புறம்தான் கறுப்புச் சட்டத்தைப் படித்தேன். 1685 மார்ச்சில் அதே பதினான்காம் லூயி கரீபியன் தீவுகளின் அடிமைகளுக்காக வெளியிட்ட சட்டத் தொகுப்பு. அதன் 38-ஆம் பிரிவு தப்பியோடும் அடிமைகளைப் பற்றியது. ஒரு மாதம் தலைமறைவாக இருந்தால் காதுகளை அறுத்து, ஒரு தோளில் லில்லிச் சூடு போட வேண்டும். இரண்டாவது முறை ஓடினால் பின்காலின் நரம்பை வெட்டி, மறு தோளிலும் லில்லி. மூன்றாவது முறை மரணம். 1724-இல் லூயிசியானாவுக்கு வந்த சட்டத்தில் இதுவே 32-ஆம் பிரிவு. பிரான்ஸிலும் குற்றவாளிகளுக்கு இதே சூடு போடும் வழக்கம் இருந்தது. மாதாவின் பூ, தேவதை கொண்டுவந்த பூ என்று சொல்லப்பட்டது, காய்ச்சிய இரும்பாக மனிதத் தோலில் இறங்கியது. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த உடல் யாருடையது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். எளிய வடிவம், ஒரே அழுத்தில் பதியும், ஆறினாலும் அடையாளம் போகாது. இந்த வடிவத்தில் என் தொழிற்கண் எவற்றையெல்லாம் மெச்சியதோ, அவையெல்லாம் அங்கே அந்த இரும்புக்குத்தான் பயன்பட்டன. அதைப் படித்தபின் இந்தப் பூவைப் பழைய கண்ணால் பார்க்க என்னால் முடியவில்லை.

இது ஏதோ அட்லாண்டிக்குக்கு அப்பால் நடந்த விஷயம் என்று நினைக்கவும் வழியில்லை. 1723-இல் இதே மாதிரியான சட்டம் இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவுக்கும் மொரீஷியஸுக்கும் வந்தது. பூர்போன்தான் இன்றைய ரீயூனியன். அப்போது அந்தத் தீவுகள் கம்பெனியின் கையில் இருந்தன. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் போலவே தமிழ்க் கரையிலிருந்தும் அடிமைகள் அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில், 1743-இல் ஆட்களை ஏமாற்றிக் கடத்திக் கப்பலுக்கு அனுப்பிய ஒரு கும்பல் பிடிபட்டதை எழுதிவைத்திருக்கிறார். வேலை தருகிறேன் என்று அழைத்துப் போய் அடைத்துவைத்தார்கள். லில்லிக் காசு புழங்கிய அதே ஊர். தப்பியோடினால் தோளில் லில்லி என்ற சட்டம் அந்தத் தமிழர்களுக்கும் சேர்த்துத்தான். காலனி வீதிகளின் அழகைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதுகிறோம். இதையும் எழுத வேண்டும்.

பிரான்ஸில் லில்லியின் ஆட்சி முடிந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1790-இல் பிரபுப் பட்டங்களும் கேடயச் சின்னங்களும் ரத்தாயின. 1793-இல் கட்டடங்களிலிருந்து லில்லிகளை உளியால் கொத்தி எடுத்தார்கள். வீட்டு அடுப்பங்கரையில் நெருப்புக்குப் பின்னால் நிறுத்தும் வார்ப்பிரும்புப் பலகைகளில்கூட லில்லி இருந்ததால், அவற்றை மறுபக்கம் திருப்பிவைக்கச் சொன்னார்கள். 1814-இல் அரச குடும்பம் திரும்பியபோது லில்லியும் திரும்பியது. 1830 புரட்சிக்கு அடுத்த வருஷம் அரசுச் சின்னத்திலிருந்து மறுபடி போனது. கடைசி வாய்ப்பு 1871-க்குப் பிறகு வந்தது. நாடாளுமன்றத்தில் அரசனை விரும்புகிறவர்கள்தான் அதிகம். மகுடத்துக்குக் காத்திருந்த ஷாம்போர் பிரபு, மூவர்ணக் கொடியை ஏற்க மாட்டேன், என் முன்னோரின் வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1873-இலும் இறங்கி வரவில்லை. பிரான்ஸ் குடியரசாகவே நிலைத்தது.

மற்ற இடங்களில் பூ உதிரவில்லை. ஸ்பெயினின் அரச சின்னத்தின் நடுவில், பிரான்ஸை ஆண்ட பூர்போன் குடும்பத்தின் மூன்று லில்லிகள் இன்றும் இருக்கின்றன. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் 1948 ஜனவரி 21 அன்று நீலத்தில் வெள்ளைச் சிலுவையும் நான்கு வெள்ளை லில்லிகளும் கொண்ட கொடியை ஏற்றியது. அங்கே அது அரசனின் பூ அல்ல, மொழியின் பூ. மொழிக்காகக் கொடி பிடித்தவர்கள் யாருக்கும் அந்தக் கொடியின் மேல் ஓர் அன்பு வரும், எனக்கும் உண்டு. போஸ்னியா 1992-இல் தனி நாடானபோது, மத்தியகால போஸ்னிய அரசர்களின் ஆறு பொன் லில்லிகளை வெள்ளைக் கொடியில் வைத்தது. போர் முடிந்தபின், நாட்டின் மூன்று இனத்தாருக்கும் பொதுவாக இல்லை என்று 1998-இல் அது மாற்றப்பட்டது. கால்பந்து மைதானங்களில் ரசிகர்கள் இன்னும் அந்த லில்லிக் கொடியைக் கொண்டுவருகிறார்கள்.

நியூ ஆர்லியன்ஸ்தான் எனக்குத் தீராத கேள்வி. 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய ஊர். 32-ஆம் பிரிவு நடைமுறையில் இருந்த ஊர். 1967-இல் ஆடத் தொடங்கிய அந்த ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான செயின்ட்ஸின் சின்னமும் லில்லிதான். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து நகரின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் மூழ்கியது. போக இடமில்லாமல் சூப்பர்டோம் மைதானத்தில் ஆயிரக்கணக்கில் அடைந்து கிடந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது எல்லோரும் பிடித்துக்கொண்டது லில்லியை. வீட்டுக் கதவில், கார் கண்ணாடியில், சங்கிலிப் பதக்கத்தில், முக்கியமாக உடம்பில். ஊரைவிட்டுச் சிதறியவர்களும் திரும்பியவர்களும் லில்லியைப் பச்சை குத்திக்கொண்டார்கள். கறுப்பினத்தவரும் குத்திக்கொண்டார்கள், கையில், தோளில்.

2015-இல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதிகளின் சிலைகளை எடுக்க வேண்டும் என்ற பேச்சு அந்த ஊரில் வலுத்தபோது, அப்படியானால் லில்லியை என்ன செய்வது என்ற கேள்வியும் எழுந்தது. சிலைகளையும் லில்லியையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிலைகளை நிறுத்தியது ஒரு தரப்பு, மறுதரப்பு தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. லில்லியை வெள்ளத்துக்குப் பிறகு எடுத்து அணிந்தவர்களில் சூடு வாங்கியவர்களின் வழித்தோன்றல்களும் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தங்கள் ஊருக்காக, தாங்களே தேர்ந்தெடுத்துத் தோலில் ஏற்றினார்கள். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்ல அவர்களுக்குத்தான் முதல் உரிமை, அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தாலும். என் ஆசை ஒன்றுதான். அந்த ஊர்க் கடைகளில் லில்லிப் பதக்கத்தை வாங்குகிறவர்களுக்கு 32-ஆம் பிரிவும் தெரிந்திருக்க வேண்டும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் லில்லிக் காசைப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1743-ஆம் வருஷத்து நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.